காப்பீட்டு ஆபரேஷனோடு கைக்காசு ஆபரேஷன்: ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்துகொள்ள முழுமையான வழிகாட்டி

மூக்குத்தண்டு, அதாவது மூக்குக்குள் இரு துளைகளையும் பிரிக்கும் சுவர், வளைந்து மூச்சுவிடச் சிரமமாக இருந்தால், அதை நேராக்கும் செலவைத் தனியார் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கும். அதே மூக்கின் மேலுள்ள மேட்டைச் சீவ வேண்டும் என்றால் ஏற்காது, அது அழகுக்காக. இரண்டுக்கும் ஒரே சர்ஜன், ஒரே தியேட்டர், ஒரே மயக்க மருந்து. அப்படியிருக்க ஏன் இருமுறை படுக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

படுக்க வேண்டியதில்லைதான். ஹெர்னியாவோடு வயிற்றுத் தோலை இறுக்குவது, இமை தொங்கிப் பார்வையை மறைப்பதைச் சரிசெய்யும்போது கீழ் இமைப் பையையும் எடுப்பது, கண்புரை ஆபரேஷனில் காப்பீடு தரும் சாதாரண லென்ஸுக்குப் பதில் விலை கூடிய லென்ஸ் வைப்பது எல்லாம் இந்த வகைதான். உலகம் முழுக்க நடக்கிறது, சட்டப்படியும் சரியானது. ஆனால் எது காப்பீட்டுப் பங்கு, எது உங்கள் பங்கு என்ற கோட்டை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் போட்டாக வேண்டும். பிறகு போடும் கோடு உங்களுக்குச் சாதகமாக விழாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கோட்டைச் சரியாகப் போடுவதைப் பற்றியவைதான்.

படி 1: சேர்த்துச் செய்ய மருத்துவக் காரணம் இருக்கிறதா?

பணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் உடம்பு.

சில ஜோடிகளைச் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. மூக்கு அதற்கு நல்ல உதாரணம். மூக்குத்தண்டை நேராக்கும்போது வளைந்த குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். மூக்கு சரிந்துவிடாமல் இருக்க மேல்பக்கமும் முன்பக்கமும் குறைந்தது 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு எல் வடிவச் சட்டம் மட்டும் உள்ளே மிஞ்சும். மூக்கின் வடிவத்தை மாற்றும் ஆபரேஷனுக்கு ஒட்டுப் போட முதலில் தேடுவது இதே குருத்தெலும்பைத்தான். இன்று தண்டை நேராக்கிவிட்டு ஐந்தாண்டு கழித்து வடிவத்துக்குப் போனால் அந்தச் சரக்கு தீர்ந்திருக்கும். காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டி வரலாம். ஆகவே வடிவத்தையும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் உறுதியாக இருந்தால், தண்டு ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். சேர்த்துச் செய்யாவிட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுபக்கம், சேர்க்கக் கூடாத ஜோடிகளும் உண்டு. சிசேரியனோடு வயிற்றை இறுக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பிரசவ நேரத்தில் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது, ஏற்படும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். தோலும் தசையும் தம் நிலைக்குத் திரும்பியிருக்காது. எவ்வளவு வெட்டுவது என்பதே தெரியாது. நல்ல சர்ஜன் மறுத்துவிடுவார். அதேபோல் குடலைத் திறக்கும் ஆபரேஷனோடு மார்பில் சிலிகான் வைப்பது, மெஷ் (ஹெர்னியாவில் வயிற்றுச் சுவரைத் தாங்க வைக்கும் வலை) வைப்பது போன்றவை. கிருமி புழங்கும் இடத்தைத் தொட்ட அதே மயக்கத்தில் உடம்புக்குள் நிரந்தரமாக ஒரு பொருளை வைப்பதைச் சர்ஜன்கள் கூடியவரை தவிர்ப்பார்கள். தொற்று பிடித்தால் வைத்ததை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

இடைப்பட்டவற்றில் தொப்புள் ஹெர்னியாவும் வயிற்றுத் தோல் இறுக்கமும் சேர்வதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஜோடி மிகச் சாதாரணம், அதனாலேயே யாரும் அதிகம் யோசிப்பதில்லை. தோலை இறுக்கும்போது தொப்புளைச் சுற்றி வெட்டி விடுவிப்பார்கள்; அதன்பின் தொப்புளுக்கு ரத்தம் அடியிலுள்ள காம்பு வழியாக மட்டுமே வரும். ஹெர்னியாவைச் சரிசெய்யவோ அதே காம்பைச் சுற்றித்தான் வேலை செய்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தொப்புள் கறுத்துப் போகும் ஆபத்து உண்டு. இதைத் தவிர்க்க வழிகள் இருக்கின்றன. உங்கள் சர்ஜன் எந்த வழியைக் கையாள்கிறார் என்று கேளுங்கள். பதில் தயாராக இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

நேரமும் முக்கியம். ஆபரேஷன் நீள நீள உடல் குளிர்வது, ரத்தக்கட்டு, தொற்று எல்லாவற்றுக்கும் வாய்ப்பு ஏறுகிறது. பல சர்ஜன்கள் மொத்த நேரத்துக்கு 6 மணி நேரத்தை மேல் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். ரத்தக்கட்டு ஆபத்தை அளக்கக் கப்ரினி என்ற புள்ளிக் கணக்கு இருக்கிறது. வயது, எடை, கருத்தடை மாத்திரை, குடும்பத்தில் ரத்தக்கட்டு வரலாறு எல்லாம் அதில் சேரும். 45 நிமிடத்தைத் தாண்டும் பெரிய ஆபரேஷனுக்கே 2 புள்ளி. உங்கள் புள்ளி எவ்வளவு, அதற்கு என்ன தடுப்பு மருந்து என்று மயக்க மருந்து நிபுணரிடமும் கேளுங்கள், சர்ஜனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், மருத்துவமனைக்கு வெளியே தனி கிளினிக்குகளில் வயிறு இறுக்குவதோடு கொழுப்பு உறிஞ்சுவதையும் சேர்த்தால் 1000 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. சேர்ப்பது சும்மா ஒரு சலுகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகைப்பவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். மூச்சுக்கான தண்டு ஆபரேஷன் புகையை ஓரளவு மன்னிக்கும். தோலைப் பிரித்து இழுத்துத் தைக்கும் அழகு ஆபரேஷன் மன்னிக்காது.

படி 2: உங்கள் பாலிசியில் மூன்று பத்திகளை மட்டும் தேடுங்கள்

பாலிசி முழுவதையும் படிக்கச் சொல்வது நல்ல அறிவுரைதான், யாரும் செய்வதில்லை. அதனால் மூன்று இடங்கள்.

முதலாவது, அழகு சிகிச்சைக்கான விலக்கு. எல்லா நாட்டிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும், அதன் ஓரத்தில் விதிவிலக்கும் இருக்கும். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த வாசகம், அழகு சிகிச்சையையும் பிளாஸ்டிக் சர்ஜரியையும் விலக்குகிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் உறுப்பைச் சீரமைப்பதையும், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை நீக்கும் அவசியமான சிகிச்சையையும் விலக்கவில்லை. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மார்பகத்தை அகற்றும் ஆபரேஷனுக்குக் காப்பீடு தரும் திட்டங்கள் அதன் சீரமைப்புக்கும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க மறு மார்பில் செய்யும் ஆபரேஷனுக்கும் தர வேண்டும் என்கிறது. கைக்காசு என்று நீங்கள் ஒதுக்கி வைத்தது உண்மையில் காப்பீட்டுக்குள்ளேயே வரக்கூடும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். விலக்கைவிட விதிவிலக்கை மெதுவாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இந்த எல்லைகளுக்கு அளவே வைத்திருக்கிறார்கள். மூச்சடைப்புக்காக மூக்கு வடிவத்தையும் சரிசெய்ய, அரசு பணம் தரும் சிகிச்சைகளின் பட்டியலில் இடம் பெற வேண்டும் என்றால், நோஸ் என்ற ஐந்து கேள்வி அளவுகோலில் 100க்கு 45க்கு மேல் வர வேண்டும். பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசை விலகியவர்களுக்கான இறுக்கம் 2022 ஜூலையில் பட்டியலில் சேர்ந்தது. ஸ்கேனில் குறைந்தது 3 சென்டிமீட்டர் விலகல் தெரிய வேண்டும், வலியோ தொந்தரவோ இருக்க வேண்டும், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்து பலிக்காமல் போயிருக்க வேண்டும். பட்டியலில் இடம் கிடைத்தால்தான் தனியார் மருத்துவமனைக் காப்பீடும் கதவைத் திறக்கும். உங்கள் நாட்டில் இப்படி எண் இல்லாவிட்டாலும், காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் மனதில் இதுபோன்ற ஏதோ ஓர் அளவு இருக்கும்.

இரண்டாவது பத்தி, காப்பீடு இல்லாத சிகிச்சையால் வரும் சிக்கல்கள். இதுதான் மூன்றிலும் பெரியது. படி 5இல் விரிவாக வருகிறது. மூன்றாவது, காத்திருப்புக் காலமும் உச்சவரம்புகளும். புதிய பாலிசி என்றால் ஹெர்னியா, கண்புரை, மூக்குத்தண்டு போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அறை வாடகைக்கு வரம்பு வைத்த பாலிசியில் வரம்பை மீறிய அறை எடுத்தால் மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டும் வழக்கம் உண்டு. அழகு ஆபரேஷன்தானே, வசதியான அறை எடுப்போம் என்று கைக்காசில் அறையை உயர்த்திக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

படி 3: காப்பீட்டுப் பகுதியைத் தனியாக நிற்க வையுங்கள்

அழகு ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த ஆபரேஷனுக்குக் காப்பீடு பணம் தருமா? தரும் என்பதற்கான கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். எப்போதிலிருந்து தொந்தரவு, என்னென்ன மருந்து எவ்வளவு காலம் எடுத்தீர்கள், பரிசோதனையில் என்ன தெரிந்தது. மூக்குக்கு எண்டோஸ்கோப்பி அறிக்கையும் ஸ்டீராய்ட் ஸ்ப்ரே அடித்துப் பலனில்லாத விவரமும். இமைக்குப் புகைப்படமும் பார்வைப் புலப் பரிசோதனையும். இமையை அப்படியே விட்டு ஒருமுறை, டேப் ஒட்டித் தூக்கி ஒருமுறை செய்து காட்டினால் வித்தியாசம் தாளிலேயே தெரியும். ஹெர்னியாவுக்கு அல்ட்ராசவுண்ட்.

இந்தப் பரிந்துரைக் கடிதத்தில் அழகு ஆபரேஷனைக் கலக்காமல் தனிப் பத்தியிலோ தனிக் கடிதத்திலோ எழுதச் சொல்லுங்கள். கலக்காதீர்கள் என்றால் மறையுங்கள் என்று அர்த்தமில்லை. இரண்டாவது ஆபரேஷன் நடக்கப்போகிறது என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தியேட்டர் குறிப்பில் நேரம் இருக்கும், மயக்கக் குறிப்பில் இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். ஒளிக்க இடமே கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "எல்லாவற்றையும் தண்டு ஆபரேஷன் என்றே போட்டுவிடலாம், உங்களுக்குச் செலவே வராது" என்று சில இடங்களில் தாமாகவே சொல்வார்கள். அது மோசடி. கையெழுத்துப் போடுவது நீங்கள். பிடிபட்டால் கிளெய்ம் மறுக்கப்படும், பாலிசி ரத்தாகும், அடுத்த நிறுவனத்தின் விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டி வரும். பிடிபடாவிட்டாலும், செய்யாத ஒரு சிகிச்சை உங்கள் மருத்துவ வரலாற்றில் நிரந்தரமாக ஏறிவிடும். காகிதத்தில் பொய் எழுதத் தயங்காதவர் தியேட்டரில் எப்படி இருப்பார் என்பதையும் யோசிக்கலாம்.

படி 4: முன் அனுமதியும் பிரித்த எஸ்டிமேட்டும்

இப்போது பணம். இரண்டு ஆபரேஷனைச் சேர்ப்பதில் மிச்சமாவது பொதுச் செலவு: தியேட்டர் தயாரிப்பு, மயக்கம் கொடுக்கத் தொடங்குவது, மயக்கம் தெளிவிக்கும் அறை, படுக்கை. இந்தப் பொதுச் செலவு யார் தலையில் என்பதே முழுச் சண்டையும். நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், எனவே அலகுகளில் போட்டுப் பார்ப்போம். சர்ஜன் கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பொதுச் செலவு 30 அலகு, அதன்மேல் தியேட்டரில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 அலகு என்று கொள்வோம். தண்டு ஆபரேஷன் தனியாக 1 மணி நேரம்: 50 அலகு. வடிவ ஆபரேஷன் தனியாக 2 மணி நேரம்: 70 அலகு. தனித்தனியே செய்தால் மொத்தம் 120. சேர்த்தால் 3 மணி நேரம், 90 அலகு.

இந்த 90ஐப் பிரிக்கும் விதங்கள் மூன்று. காப்பீடு தன் ஆபரேஷன் தனியாக நடந்திருந்தால் தந்திருக்கக்கூடிய 50ஐ அப்படியே தருகிறது என்றால், உங்கள் பங்கு 40. நேர விகிதப்படி பிரித்தால் மூன்றில் ஒரு பங்கான 30 அவர்களுக்கு, 60 உங்களுக்கு. இரண்டுமே தனியாகச் செய்வதன் 70ஐவிடக் குறைவு. மூன்றாவது விதத்தில், அழகு சிகிச்சை கலந்துவிட்டது, மருத்துவமனைச் செலவு எதையும் ஏற்க மாட்டோம் என்பார்கள், 90ம் உங்களுக்கு. அப்படி என்றால் தனியாகச் செய்வதே 20 அலகு லாபம். உங்கள் நிறுவனம் இந்த மூன்றில் எந்தப் பக்கம் என்பது தெரியாமல் தேதி குறிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவது போலத்தான்.

ஆகவே மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள்: காப்பீட்டு ஆபரேஷன் மட்டும் நடந்தால் எவ்வளவு, இரண்டும் நடந்தால் எவ்வளவு. முன்னது உங்கள் பிடிமானம். பின்னாளில் பங்கீட்டில் தகராறு வந்தால் தனியாகச் செய்திருந்தால் நீங்கள் எவ்வளவு தந்திருப்பீர்கள் என்று கேட்க அந்தத் தாள் வேண்டும். இரண்டாவது எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் தருகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். சர்ஜன் கட்டணம் எளிது. மயக்க மருந்து நிபுணரின் கட்டணம்தான் பெரும்பாலும் மறந்துபோவது; பல இடங்களில் அவர் நேரத்துக்குக் கட்டணம் வாங்குபவர், தனியாக பில் போடுபவர். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் திசு, மெஷ், லென்ஸ், இறுக்கு உடை, வீட்டுக்குத் தரும் மருந்து, தையல் பிரிக்கும் வருகை எல்லாம் வரிகள்தான். தண்டு ஆபரேஷன் மட்டும் என்றால் அன்றே வீட்டுக்குப் போயிருப்பீர்கள், வடிவமும் சேர்ந்ததால் ஓர் இரவு தங்க வேண்டும் என்றால் அந்த இரவு உங்களுடையது. வாதாடிப் பயனில்லை.

வரியும் இதில் ஒளிந்திருக்கும். மருத்துவச் சிகிச்சைக்கு வரி இல்லாத நாடுகளிலும் வெறும் அழகுச் சிகிச்சைக்கு வரி உண்டு: பிரிட்டனில் 20 சதவீதம், இந்தியாவில் 18, ஆஸ்திரேலியாவில் 10. எஸ்டிமேட்டில் உள்ளது வரி சேர்ந்த தொகையா என்று கேளுங்கள். பிரிக்காத ஒற்றை பில்லாக இருந்தால் வரி மொத்தத்தின் மேல் ஏறவும் வாய்ப்புண்டு.

எஸ்டிமேட் வந்தபின் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். போனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். பேசினாலும் பேசியதை மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். இப்படிச் சுருக்கமாக எழுதினால் போதும்:

"இன்ன தேதியில் இன்ன மருத்துவமனையில் எனக்கு மூக்குத்தண்டு நேராக்கும் ஆபரேஷனுக்கு முன் அனுமதி கோருகிறேன். அதே மயக்கத்தில், என் சொந்தச் செலவில் மூக்கு வடிவம் மாற்றும் ஆபரேஷனும் நடக்கும். பிரித்த எஸ்டிமேட் இணைத்துள்ளேன். தியேட்டர், மயக்க மருந்து, தங்கும் செலவில் உங்கள் பங்கு எந்த அடிப்படையில் கணக்கிடப்படும் என்பதையும், சிக்கல் ஏற்பட்டால் எவற்றை ஏற்பீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

பதிலில் அனுமதி எண், ஆபரேஷனின் குறியீடு, செல்லுபடியாகும் கடைசித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கொடுத்த குறியீடும் சர்ஜன் பில்லில் போடப்போகும் குறியீடும் ஒன்றுதானா என்று சர்ஜனின் உதவியாளரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். அழகு ஆபரேஷனுக்காகத் தேதியைத் தள்ளிப்போட்டு, அதற்குள் அனுமதி காலாவதியாகிவிடுவது நடக்கிற விஷயம்.

கண்புரை லென்ஸ் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லாதது. அங்கே இரண்டாவது ஆபரேஷன் என்று எதுவும் இல்லை, பொருளில்தான் வித்தியாசம். அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் 2005இல் அருகிலிருப்பதையும் தெளிவாகக் காட்டும் லென்ஸுக்கும், 2007இல் சிதறல் பார்வையைச் சரிசெய்யும் லென்ஸுக்கும், சாதாரண லென்ஸுக்கு மேற்பட்ட வித்தியாசத்தை நோயாளியே கட்டலாம் என்று அனுமதித்தது. உங்கள் காப்பீடும் இப்படி வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறதா, அல்லது விலை கூடிய லென்ஸ் என்றாலே மொத்தத்தையும் மறுக்கிறதா என்ற ஒரே கேள்வி போதும்.

படி 5: சிக்கல் வந்தால் யார் செலவு?

விலையைப் பேரம் பேசுபவர்கள் இதைக் கேட்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் தலைகீழாக இருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் உள்ள தொகை எவ்வளவு என்று முன்பே தெரியும். சிக்கலின் செலவுக்கு மேல் எல்லை கிடையாது.

பல பாலிசிகள் காப்பீடு இல்லாத சிகிச்சையால் நேர்ந்த சிக்கலையும் விலக்குகின்றன. தனியாகச் செய்தால் எது எதனால் வந்தது என்பதில் குழப்பமில்லை. சேர்த்துச் செய்தால்? வயிற்றில் ஹெர்னியாவும் சரிசெய்து தோலும் இறுக்கிய ஐந்தாம் நாள் நுரையீரலில் ரத்தக்கட்டு. எந்த ஆபரேஷனின் குழந்தை அது? மருத்துவர்களாலேயே சொல்ல முடியாது. காப்பீட்டு நிறுவனமோ ஹெர்னியா மட்டும் என்றால் 1 மணி நேரத்தில் எழுந்து நடந்திருப்பீர்கள் என்று சொல்லும். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

எனவே பொதுவாகச் சிக்கல் என்று கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்றிரவே ரத்தம் கசிந்து மீண்டும் தியேட்டருக்குப் போனால்? தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இருக்க நேர்ந்தால்? ஒரு வாரம் கழித்துத் தொற்றோடு திரும்ப வந்தால்? மெஷ்ஷை எடுக்க வேண்டியதானால்? நான்குக்கும் நான்கு பதில் எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் "ஆய்வுக்குப் பின் முடிவு செய்வோம்" என்றுதான் எழுதும். அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இல்லை என்று தெரிந்தால் வழி கேட்க வேண்டியது சர்ஜனிடமும் மருத்துவமனையிடமும்தான். அழகு ஆபரேஷனுக்கு நிலையான தொகை வாங்கும் மருத்துவமனைகளில், குறிப்பிட்ட நாட்களுக்குள் வரும் சிக்கலுக்கான திரும்பச் சேர்க்கையும் அந்தத் தொகைக்குள் அடங்குவது உண்டு. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் அழகு ஆபரேஷன் சிக்கலுக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல், கையிலும் சேமிப்பு இல்லை என்றால், பிரித்துச் செய்யுங்கள். 30 அலகு மிச்சத்துக்காக எல்லையில்லாத ஒரு பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வடிவம் பிடிக்கவில்லை என்று மீண்டும் செய்வதை எந்தக் காப்பீடும் ஏற்காது. அது சிக்கல் கணக்கில் வராது. மறு ஆபரேஷனுக்குச் சர்ஜன் கட்டணம் வாங்குவாரா, வாங்காவிட்டாலும் தியேட்டர் கட்டணம் யாருடையது என்று அவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள்.

படி 6: சம்மதப் படிவமும் ஆபரேஷன் நாளும்

இரண்டு ஆபரேஷனுக்கும் தனித்தனிச் சம்மதப் படிவம் கேளுங்கள். ஒரே படிவம்தான் என்றால் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கட்டும். அவசியமான ஆபரேஷனில் எதிர்பாராத தொந்தரவு வந்தால் இரண்டாவதைத் தொடங்காமல் நிறுத்திவிட அதில் வழி இருக்க வேண்டும். அப்படி நிறுத்தினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். பணம் வாங்கியாயிற்றே என்ற நெருக்கடி சர்ஜனின் கையில் இருக்கக் கூடாது.

அவசியமானதை முதலில் செய்வதே பொது வழக்கம். கிருமி குறைந்த இடத்தை முதலில் முடித்துவிட்டு மற்றதற்குப் போவது என்ற இன்னொரு கொள்கையும் உண்டு. இரண்டும் முரண்படும் இடத்தில் சர்ஜன் சொல்வதைக் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். இரண்டு சர்ஜன்கள் மாறி மாறிச் செய்வதாக இருந்தால், இருவரும் அந்த மருத்துவமனையிலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் அங்கீகாரம் பெற்றவர்களா என்று பாருங்கள். ஹெர்னியா சர்ஜன் அங்கீகரிக்கப்பட்டவர், பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை, அதனால் மொத்தக் கோப்பும் நின்றுவிட்டது என்பது கேள்விப்படாத கதையல்ல.

தியேட்டர் குறிப்பில் முதல் ஆபரேஷன் தொடங்கிய, முடிந்த நேரமும் இரண்டாவது தொடங்கிய, முடிந்த நேரமும் தனித்தனியே பதிய வேண்டும் என்று சர்ஜனிடம் முன்னாளே சொல்லிவையுங்கள். நேர விகிதப் பங்கீட்டில் இதுதான் ஒரே சாட்சி. மயக்கத்தில் இருக்கும் உங்களால் அன்று நினைவூட்ட முடியாது!

அழகு ஆபரேஷனுக்கென்று தனி விதிகள் உள்ள நாடுகளில் அவை இந்தப் பகுதிக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் குடும்ப மருத்துவரின் பரிந்துரை, குறைந்தது இரண்டு ஆலோசனைகள், அதன்பின் 7 நாள் யோசிக்கும் அவகாசம் என்று மருத்துவ வாரியம் வைத்திருக்கிறது. காப்பீட்டு ஆபரேஷனின் தேதி வந்துவிட்டது, போகிற போக்கில் இதையும் முடித்துக்கொள்ளலாம் என்று கடைசி வாரத்தில் யாராவது சொன்னால், உங்கள் நாட்டில் அந்த விதி இல்லாவிட்டாலும் நீங்களே 7 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுப்புக்கும் இதே பிரிவினை உண்டு. தண்டு ஆபரேஷனுக்கு ஒரு வாரம், வடிவத்துக்கு இரண்டு வாரம் என்றால் அதிகப்படி நாட்களை நோய் விடுப்பாக உங்கள் நிறுவனம் ஏற்குமா என்று பாருங்கள்.

படி 7: டிஸ்சார்ஜ், கிளெய்ம், தகராறு

வீட்டுக்குக் கிளம்புமுன் இரண்டு பில்கள் கையில் இருக்க வேண்டும். ஒற்றை பில்லாகத் தந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கிளம்பிப் போனபின் பிரித்து வாங்குவது பெரும் பாடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயறிதல் முதலில் வருகிறதா என்று படித்துப் பாருங்கள். "மூக்கு வடிவ ஆபரேஷனுக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று பயிற்சி மருத்துவர் அவசரத்தில் எழுதிய ஒரு வரி போதும், முன் அனுமதி பெற்ற கிளெய்மையும் நிறுத்திவைக்க. திருத்தம் கேட்பது உங்கள் உரிமை. உண்மையைத்தான் திருத்தச் சொல்கிறீர்கள்.

பணத்தைக் குறைத்துத் தந்தால், எந்த வரியை எந்த விதிப்படி வெட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வெட்டு விழுவது மயக்க மருந்திலும் தியேட்டர் நேரத்திலும். அப்போது முதல் எஸ்டிமேட், முன் அனுமதிக் கடிதம், தியேட்டர் நேரக் குறிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்பினால் கணிசமான இடங்களில் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முறையான புகார், பிறகு வெளியே. பிரிட்டனில் நிதிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம், அவர்களின் இறுதிப் பதில் வந்தபின் உங்களுக்கு 6 மாதம். இந்தியாவில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, ஓர் ஆண்டுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் புகார்களைக் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மேன் பார்க்கிறார். எங்கே போனாலும் முதலில் கேட்பது, ஆபரேஷனுக்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்பதைத்தான். படி 4இல் அனுப்பிய மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் தேதி தெரியும்படி அச்செடுத்து, புகாரின் முதல் இணைப்பாக வையுங்கள்.